எல்லா வண்டிக்கும் கட்டாயப் புகைச் சோதனை வேண்டாம்: போக்குவரத்துத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டியும் குறிப்பிட்ட தேதிக்குள் புகைச் சோதனைக்கு வந்தே ஆக வேண்டும் என்ற விதியை நாங்கள் எதிர்க்கிறோம். எழுதும் நாங்கள் என்ஜின் வேலை தெரிந்தவர்கள்; கேஸ் அனலைசரும் ஸ்கேனரும் எங்களுக்கு அன்றாடக் கருவிகள். வண்டிப் புகை நுரையீரலுக்கு என்ன செய்யும் என்பதை யாரும் எங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, அதை அதிகம் சுவாசிப்பவர்களே நாங்கள்தான். எங்கள் குறை சோதனை செய்யப்படும் முறையைப் பற்றியது. அதிகம் புகை கக்கும் வண்டி அதில் எளிதாகத் தப்பிவிடுகிறது. ஒழுங்காக ஓடும் வண்டிதான் வரிசையில் காத்துக் கிடக்கிறது, சில நேரம் தோற்றும் போகிறது.

பெட்ரோல் வண்டியிலிருந்து தொடங்குகிறோம். பெரும்பாலும் நடப்பது, வண்டியை நிறுத்தி வைத்து ஐட்லிங்கில் எடுக்கும் அளவு. சைலன்சர் குழாய்க்குள் ப்ரோப் என்னும் உறிஞ்சு குழாயைச் செருகினால், அனலைசர் அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரோகார்பன் ஆகிய மூன்றையும் அளக்கும். ஆக்சிஜனை அளக்கத் தனியாக ஒரு மின்வேதி செல் இருக்கும். நகரக் காற்றை அதிகம் கெடுக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகள் இந்தப் பட்டியலிலேயே இல்லை. சேர்த்தாலும் பெரிய பயன் இருக்காது. காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் வேகமாகச் சேர வேண்டுமானால் சிலிண்டருக்குள் ஏறக்குறைய 1,500 டிகிரி செல்சியசைத் தாண்டிய வெப்பம் வேண்டும். அது மேடு ஏறும்போதும், முந்திச் செல்லும்போதும், முழுப் பாரம் இழுக்கும்போதும் வருவது. ஐட்லிங்கில் காற்று வழியைத் திறக்கும் த்ராட்டில் மூடியிருக்கும், சிலிண்டருக்குள் போகும் கலவையும் கொஞ்சம், அதனால் வெப்பமும் குறைவு. ஓட்டப்பந்தய வீரரை நாற்காலியில் உட்கார வைத்து மூச்சை எண்ணுவதைப் போன்றது இது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடைக் குறைக்க எளிய வழி கலவையை லீன் ஆக்குவது, அதாவது பெட்ரோலைக் குறைத்துக் காற்றைக் கூட்டுவது. கார்புரேட்டர் வண்டியில் இது ஒரு ஸ்க்ரூடிரைவர் வேலை. கலவை ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது, அரைச் சுற்று வெளியே திருப்பினால் லீன் ஆகும். என்ஜின் பக்கம் இருந்தால் அது எரிபொருளைக் கட்டுப்படுத்துவது, அதை உள்ளே திருப்ப வேண்டும். வேகம் தளர்ந்தால் ஐட்லிங் ஸ்க்ரூவைச் சற்று ஏற்றினால் போதும், தேறியதற்கான சீட்டு கைக்கு வந்துவிடும். ஆனால் அப்படி விட்டால் குளிர்ந்த என்ஜின் ஸ்டார்ட் ஆக மறுக்கும், ஆக்சிலேட்டரைத் திருப்பும்போது இழுவை தடுமாறும், விடும்போது சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கும். எனவே மறுநாளே ஸ்க்ரூ பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். சோதனைக்கு ஒரு டியூனிங், சாலைக்கு ஒரு டியூனிங் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. மாற்றாமல் அப்படியே ஓட்டினாலும் நல்லதில்லை. லாம்டா என்பது கலவையில் காற்றின் பங்கைச் சொல்லும் எண், 1 என்றால் சரியான கலவை; அது 1.05 முதல் 1.1 வரையுள்ள இலேசான லீன் நிலையில்தான் நைட்ரஜன் ஆக்சைடுகள் உச்சத்தைத் தொடுகின்றன. அதைவிட லீன் ஆனால் தீப்பிடிக்காமல் தவறும், எரியாத பெட்ரோல் அப்படியே வெளியேறும்.

ப்ரோப் செருகும் ஆழத்தையும் சொல்லியாக வேண்டும். குறைந்தது 30 சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். ஐட்லிங்கில் புகை விட்டுவிட்டு வருவதால், ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே குழாய் வாயில் வெளிக்காற்று உள்ளே இழுபடும். ப்ரோபை விரல் நீளத்துக்குச் செருகினால் அனலைசர் பாதிக் காற்றையே அளக்கும். இதைப் பிடிக்க ஒரு எளிய கணக்கு உண்டு. ஒழுங்காக எரியும் பெட்ரோல் என்ஜினில் கார்பன் மோனாக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து 15 சதவீதத்தை ஒட்டி வர வேண்டும். திரையில் மோனாக்சைடு 0.2, டை ஆக்சைடு 7.3 என்று வந்தால் கூட்டுத்தொகை 7.5, அதாவது பாதி காற்று. 0.2-ஐ 15-ஆல் பெருக்கி 7.5-ஆல் வகுத்தால் உண்மையான அளவு 0.4. வரம்பு 0.3 என்றால் இந்த வண்டி தோற்றிருக்க வேண்டும். சீட்டில் 0.2 என்று மட்டும் அச்சாகி, தேறியதாக வீட்டுக்குப் போகிறது. சைலன்சரில் ஓட்டை இருந்தாலும் இதே கதைதான்.

அதே ஓட்டை நல்ல வண்டியைத் தோற்கவும் வைக்கும். புகையின் நச்சு வாயுக்களை மாற்றும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டிகளுக்கு ஐரோப்பிய முறையில் 2,500 முதல் 3,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு என்ஜின் சுழற்சி) வரை ரேஸ் செய்து லாம்டாவும் கணக்கிடுகிறார்கள், 0.97-க்கும் 1.03-க்கும் இடையே வர வேண்டும். இந்த லாம்டா நேரடி அளவு இல்லை, நான்கு வாயுக்களின் அளவிலிருந்து சூத்திரம் போட்டு வருவது. சைலன்சர் இணைப்பில் கேஸ்கெட் சற்றே கசிந்து 1 சதவீத ஆக்சிஜன் கூடினாலே லாம்டா ஏறத்தாழ 1.05 என்று காட்டும். என்ஜினில் குறையே இல்லாவிட்டாலும் தோல்விதான். அடுத்து நடப்பது இன்னும் மோசம்: ஆக்சிஜன் சென்சாரை மாற்று, இன்ஜெக்டரைக் கழற்று என்று ஆரம்பித்து, சில்லறைச் செலவில் முடிய வேண்டிய கேஸ்கெட் வேலை பெரிய பில்லில் போய் முடிகிறது.

வெப்பமும் இப்படித்தான் ஏமாற்றும். கன்வெர்ட்டர் வேலை செய்யத் தொடங்க 250 முதல் 300 டிகிரி வரை சூடு ஏற வேண்டும். வண்டி சூடாகவே மையத்துக்கு வந்திருக்கலாம். வரிசையில் இருபது நிமிடம் வெறும் ஐட்லிங்கில் நின்றால் கன்வெர்ட்டர் ஆறத் தொடங்கிவிடும். என்ஜின் ஆயில் 80 டிகிரியில் இருக்கிறதா என்று பார்த்து, அளக்கும் முன் இரண்டு மூன்று நிமிடம் 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்தால்தான் அந்த எண்ணுக்கு ஓர் அர்த்தம் இருக்கும். வரிசையின் நீளத்தைப் பார்த்துப் பழகிய ஊழியர் இதைச் செய்வார் என்று எதிர்பார்க்க முடியாது. அவரைக் குறை சொல்லவும் மாட்டோம், மையத்தின் வருமானமே வண்டிகளின் எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

அந்த எண்ணிக்கைக் கட்டாயம் எங்கே கொண்டு விடும் என்பதற்கு ஆவணமே இருக்கிறது. டெல்லியின் வாகன மாசு பற்றி இந்தியத் தலைமைத் தணிக்கை அதிகாரி தந்து, 2025 ஏப்ரலில் அங்குள்ள சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கையைப் படியுங்கள். மோனாக்சைடு அல்லது ஹைட்ரோகார்பன் வரம்பைத் தாண்டிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்குச் சான்று தரப்பட்டிருந்தது. சோதனையும் சான்றும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்த வண்டிகள் பல ஆயிரம். ஒரே மையத்தில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகளைச் சோதித்ததாகவும் பதிவுகள் இருந்தன. எல்லோரும் வந்தே ஆக வேண்டும் என்று ஆக்கினால் இப்படித்தான் ஆகும், எந்த நாட்டிலும்.

டீசல் பக்கம் நிலைமை இன்னும் சிரமம். அங்கே செய்வது ஃப்ரீ ஆக்சிலரேஷன் சோதனை. நியூட்ரலில் வைத்து பெடலை ஒரே மூச்சில் முழுதாக மிதித்து, என்ஜின் தன் உச்ச வேகத்தைத் தொட்டதும் விட வேண்டும். இப்படிப் பல முறை செய்து, கடைசி மூன்றின் சராசரியை எடுப்பார்கள். புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்பதே அளவு: 43 சென்டிமீட்டர் பாதையில் 65 சதவீத ஒளி மறைந்தால், புகை ஒளியை உறிஞ்சும் அளவு மீட்டருக்கு 2.44 என்று கணக்கு வரும். இங்கே முடிவை நிர்ணயிப்பது மிதிப்பவரின் கால். இரண்டு வினாடி எடுத்து மெதுவாக மிதித்தால், இன்ஜெக்டர் பழுதான வண்டியும் வெள்ளைத் துணி போலத் தேறிவிடும். நியாயமாக முழுதும் மிதித்தாலோ ஆபத்து வண்டிக்காரருக்கு. வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் காலம் கடந்திருந்தால் அந்த உச்ச வேகத்தில் அறுந்துபோகலாம். அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி என்ஜின் போய்விடும். டர்போவில் ஆயில் கசிந்தால், என்ஜின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும். பெல்ட் கடைசியாக எப்போது மாறியது, ஆயில் மட்டம் என்ன, ஆயில் அழுத்த விளக்கு எரிகிறதா என்று பார்க்காமல் யாரும் அந்தப் பெடலைத் தொடக்கூடாது. சோதனையில் என்ஜின் உடைந்தால் யார் பொறுப்பு என்று உங்கள் விதியில் ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

டி.பி.எஃப். எனப்படும் துகள் வடிகட்டி உள்ள புதிய டீசல்களில் இந்த ஒளிமறைப்பு மீட்டருக்கு வேலையே இல்லை. வடிகட்டியில் விரிசல் விட்டிருந்தாலும் மீட்டர் கிட்டத்தட்ட சுழியைத்தான் காட்டும், ஏனென்றால் வெளியேறும் துகள்கள் ஒளியை மறைக்கும் அளவுக்குப் பெரியவை அல்ல. இதனால்தான் நெதர்லாந்து 2023 ஜனவரியிலும் ஜெர்மனி 2023 ஜூலையிலும் துகள்களையே எண்ணும் கருவிக்கு மாறின. ஜெர்மனியின் வரம்பு ஒரு கன சென்டிமீட்டருக்கு 2,50,000 துகள்கள். பழைய மீட்டரை வைத்துக்கொண்டு புதிய டீசல்களையும் கட்டாயம் வரச் சொல்வது கட்டணம் வசூலிக்க மட்டுமே உதவும்.

இதெல்லாம் பழைய முறை, வண்டியின் கணினியில் பழுதைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனரைச் செருகிப் பார்த்தால் போதுமே என்று நீங்கள் சொல்லலாம். குழாயில் ப்ரோப் விடுவதைவிட அது மேல் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதிலும் கட்டாயத் தேதி வைத்தால் என்ன நடக்கும்? செக் என்ஜின் விளக்கு எரிகிற வண்டியில் முதல் நாள் கணினியிலுள்ள பழுதுக் குறியீட்டை அழித்துவிட்டு வருவார்கள். அழித்தால், கணினி தன் பாகங்களைத் தானே சோதித்து வைத்த தற்சோதனைப் பதிவுகளும் சேர்ந்து அழியும். அவை மீண்டும் நிறைய வேண்டுமானால் முறையாக ஓட்ட வேண்டும். எட்டு மணி நேரம் நின்று முழுதும் ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்து, இரண்டு மூன்று நிமிடம் ஐட்லிங், பிறகு 80 முதல் 90 கிலோமீட்டர் வேகத்தில் பத்து நிமிடம் நிதானமாக ஓட்டி, பிரேக் தொடாமல் வேகம் இறங்க விட வேண்டும். எரிபொருள் ஆவி அமைப்பின் தற்சோதனை நடக்க டேங்க் கால் பங்குக்கு மேலும் முக்கால் பங்குக்குக் கீழும் இருக்க வேண்டும். டேங்கை முழுதாக நிரப்பிவிட்டு, ஏன் பதிவு நிறையவில்லை என்று நாள்கணக்கில் தவிப்பவர்கள் உண்டு. முந்தின வாரம் பேட்டரி மாற்றியதால் பதிவு அழிந்த அப்பாவி இங்கே தோற்பார். வேறொரு நல்ல வண்டியில் ஸ்கேனரைச் செருகிச் சான்று வாங்குபவர் தேறிவிடுவார். ஆக்சிஜன் சென்சாருக்கு அடியில் ஸ்பேசர் என்ற இடைத்துண்டைத் திருகி, கன்வெர்ட்டர் இருப்பதாகவே கணினியை நம்ப வைக்கும் வித்தையும் ஊரறிந்தது.

தேதி வைத்த சோதனைக்கு அடிப்படையான ஒரு குறை உண்டு. கன்வெர்ட்டர் பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதில்லை. ஒரு சிலிண்டரில் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் போய், தீப்பிடிக்காமல் தவறி மிஸ்ஃபயர் ஆனால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். வெப்பம் ஏறத்தாழ 1,400 டிகிரியைத் தாண்டினால் உள்ளிருக்கும் பீங்கான் தேன்கூடு சில நிமிடங்களிலேயே உருகத் தொடங்கும். செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னுவது இதற்கான எச்சரிக்கை. அது சான்று வாங்கிய மறுநாள் நடந்தால், அடுத்த சோதனை வரை அந்த வண்டி சட்டப்படி சுத்தமான வண்டி! மின்னும் விளக்கோடு ஓட்டக்கூடாது, உடனே வேகம் குறைத்து நிறுத்திக் காயிலையும் பிளக்கையும் பார்க்க வேண்டும் என்று ஓட்டுநர் உரிமத் தேர்வில் ஒரு கேள்வி வைத்தால்கூட இந்தச் சான்றைவிட அதிகம் பயன் தரும்.

கட்டாயம் இருந்தால்தானே ஜனங்கள் வண்டியைப் பராமரிப்பார்கள் என்பது அடிக்கடி வரும் வாதம். நியாயமானதுதான், ஆனால் இப்போதைய சீட்டைப் பார்த்து எதைப் பராமரிப்பது? தேறியது, தேறவில்லை என்ற சொல்லோடு ஓரிரு எண்கள். உண்மையில் நான்கு வாயுக்களையும் சேர்த்துப் பார்த்தால் பழுது எங்கே என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறி மோனாக்சைடு சரியாக இருந்தால் தீப்பிடிப்பதில் கோளாறு: பிளக், காயில், அல்லது கம்ப்ரெஷன். அதோடு ஆக்சிஜனும் ஏறி, மோனாக்சைடு மிகக் குறைவாக இருந்தால் இன்டேக் பக்கம் காற்று கசிகிறது, லீன் மிஸ்ஃபயர். மோனாக்சைடு ஏறி ஆக்சிஜன் சுழிக்கு அருகே நின்றால் ரிச் கலவை, அதாவது பெட்ரோல் மிகுதி: கசியும் இன்ஜெக்டர், எரிபொருள் அழுத்தம் மிகுதி, அல்லது என்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று பொய் சொல்லும் கூலன்ட் சென்சார். கார்புரேட்டர் வண்டியானால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். வால்வு சீலோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியும் அந்தப் புகையை மோனாக்சைடு வரம்பு கண்டுகொள்வதே இல்லை.

சோதனையால் பிடிபடாத பெரிய மோசடிக்கு உலகறிந்த சாட்சி ஃபோக்ஸ்வாகன். சோதனை நடக்கிறது என்று உணர்ந்தால் மட்டும் சுத்தமாக ஓடும் மென்பொருள் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் இருந்ததாக 2015-இல் தெரியவந்தது. சாலையில் அவற்றின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைப் போல 40 மடங்கு வரை போனது. அந்த வண்டிகள் வழக்கமான புகைச் சோதனைகளில் தேறிக்கொண்டே இருந்தன. வெளிக்கொண்டு வந்தது, வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துச் செல்லக்கூடிய கருவியை வண்டியிலேயே ஏற்றிச் சாலையில் ஓட்டி எடுத்த அளவுகள். உரிமையாளர்கள் எத்தனை முறை வரிசையில் நின்றிருந்தாலும் இது வெளிவந்திருக்காது.

என்ன செய்யலாம் என்று கேட்டால், எல்லா வண்டியையும் மையத்துக்கு இழுக்காமல் கருவியைச் சாலைக்குக் கொண்டு போங்கள் என்போம். டென்வர் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஸ்டெட்மன் 1980-களில் உருவாக்கிய தொலையுணர் முறை, சாலையின் குறுக்கே அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தி, கடந்து போகும் வண்டியின் புகையை அரை வினாடியில் அளக்கும். கேமரா எண் பலகையைப் படிக்கும். பின்னர் புற ஊதாக் கதிரும் சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடையும் அளக்க வந்தது. வண்டி சுமையோடு ஓடும்போது எடுத்த அளவு என்பதே இதன் பெரிய பலம். ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வண்டிகளே மொத்த மோனாக்சைடில் பாதியை வெளியிடுகின்றன என்று இந்த அளவுகள் காட்டின. மீதி ஒன்பது பங்கை ஏன் வரிசையில் நிறுத்துகிறீர்கள்?

இந்தக் கருவிக்கும் குறைகள் உண்டு, அவை தெரிந்து வைத்தால்தான் ஒழுங்காகப் பயன்படும். ஒற்றைத் தடம் வேண்டும். இரண்டு வண்டிகள் இணையாக ஓடினால் புகை கலந்துவிடும். இலேசான ஏற்றத்தில் வைக்க வேண்டும், ஏனென்றால் சமதரையில் ஆக்சிலேட்டரை விட்டவரின் அளவு பொய்யாக ஏறும். மழையில் உதவாது. குடியிருப்புப் பகுதியின் வாசலில் வைத்தால், இப்போதுதான் ஸ்டார்ட் செய்து கன்வெர்ட்டர் சூடேறாத வண்டிகளெல்லாம் குற்றவாளி ஆகிவிடும். ஒரே ஓர் அளவை வைத்து யாருக்கும் நோட்டீஸ் அனுப்பாதீர்கள். வெவ்வேறு நாள்களில் குறைந்தது இரண்டு முறை வரம்பைத் தாண்டிய வண்டியை மட்டும் முழுச் சோதனைக்கு அழையுங்கள். அந்தச் சோதனையை, பழுதுபார்க்கும் கடையோடு தொடர்பில்லாத மையத்தில், உருளைகளின் மேல் சுமை கொடுத்து ஓட்டிச் செய்யுங்கள்.

வண்டி தயாரிப்பாளர்களையும் விடாதீர்கள். விற்று சில ஆண்டுகள் ஓடிய வண்டிகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, சாலையில் ஓட்டி அளந்து பார்க்க வேண்டியது உங்கள் வேலை. அமெரிக்காவில் கன்வெர்ட்டர், என்ஜின் கணினி ஆகியவற்றுக்கு 8 ஆண்டு அல்லது 80,000 மைல் வரை உத்தரவாதம் தருவது சட்டம். அதைப் போன்ற ஒரு விதி இருந்தால் தேறாத வண்டியின் செலவு பல நேரங்களில் உரிமையாளர் தலையில் விழாது. டி.பி.எஃப். அகற்றித் தருவோம், கன்வெர்ட்டரை வெட்டி எடுப்போம் என்று விளம்பரம் செய்பவர்களையும் ஸ்பேசர் விற்பவர்களையும் தேடிப் பிடிப்பதற்கு ஒரு வண்டியைக்கூட வரிசையில் நிறுத்த வேண்டியதில்லை. வாஷிங்டன் மாநிலம் 2020 ஜனவரி 1 முதல் தன் கட்டாயச் சோதனையையே முடித்துக்கொண்டது. காற்று தரநிலைக்குள் வந்ததும் புதிய வண்டிகள் பெருகியதும் காரணம். எல்லா ஊருக்கும் அது உடனே பொருந்தாது, ஆனால் இந்த விதி என்றென்றைக்கும் இருக்க வேண்டியதில்லை என்பதற்கு அது சான்று.

இத்தனைக்குப் பிறகும் விதியைக் கைவிட முடியாது என்றால், அதுவரை கீழ்க்கண்டவற்றையாவது ஆணையில் சேருங்கள். வாங்கி ஐந்து ஆண்டு ஆகாத வண்டிகளுக்கு விலக்கு. சீட்டில் நான்கு வாயுக்களும், லாம்டாவும், ஆர்பிஎம்மும், ஆயில் வெப்பமும் கட்டாயம் அச்சாக வேண்டும். மோனாக்சைடும் டை ஆக்சைடும் கூட்டி 6 சதவீதத்துக்குக் கீழே வந்தால் அந்தச் சோதனை தானாகவே செல்லாததாக வேண்டும். ஒவ்வொரு நாளும் கடை திறந்ததும் அனலைசரில் கசிவுச் சோதனை. புகையின் ஈரத்தைப் பிடிக்கும் நீர்ப் பொறியும் ப்ரோப் ஃபில்டரும் சுத்தம். மூன்று நாளுக்கு ஒரு முறை அளவறிந்த வாயுவைச் செலுத்திச் சரிபார்த்தல். தோற்ற வண்டிக்கு முதல் மறுசோதனை இலவசம், முப்பது நாள் அவகாசம், அந்த முப்பது நாளும் அபராதம் இல்லை. டீசல் வண்டியின் பெல்ட், ஆயில் நிலையைப் பதிவு செய்யாமல் பெடலை மிதித்த மையமே சேதத்துக்குப் பொறுப்பு.

வரைவு விதியைத் திருத்தும் குழு அமைத்தால் அனலைசரைக் கையில் பிடித்து வேலை செய்பவர்கள் இருவரையாவது அதில் உட்கார வையுங்கள். ப்ரோபின் ஆழத்தால் எண் எப்படி மாறுகிறது என்பதை ஒரே வண்டியில் பத்து நிமிடத்தில் உங்கள் கண்முன்னே காட்டத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
என்ஜின் பழுதுபார்ப்போரும் புகை அளவீட்டுத் தொழில்நுட்பர்களும்